நாற்பது மணி நேரமும் நான்கு மணி நேரமும்

பின்வரிசையில் பெற்றோரோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எழுந்து நடக்கட்டும், சத்தம் போடட்டும். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறையில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை அவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பெற்றோர் வாயில் இது ‘ஏபிஏ’. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தெரபி என்றுதான் நம் ஊரில் அறிமுகம். அதன் எல்லை உண்மையில் அகலமானது. தொழிற்சாலைப் பாதுகாப்பிலும் மூளைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்விலும்கூட இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆட்கள் பெரும்பாலும் ஆட்டிசம் பக்கம்தான் வேலை பார்க்கிறார்கள், நானும் அந்தப் பக்கமே பேசுகிறேன். இந்தத் தொழிலின் தேர்வுகளும் விதிகளும் அமெரிக்காவில் பிறந்தவை. ஆகவே பேச்சின் பெரும்பகுதி அங்கே நடக்கும். கடைசியில்தான் சென்னைக்கு வருவேன்.

1964இல் மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த மூன்றரை வயதுப் பையனைப் பற்றியது. கட்டுரையில் அவன் பெயர் டிக்கி. கண்புரைக்காக இரு கண்ணின் வில்லைகளையும் எடுத்திருந்தார்கள். கண்ணாடி அணிந்தால்தான் பார்வை மிஞ்சும் என்ற நிலை. அவனோ அணிய மறுத்தான். வில்லையில்லாத வெறும் கண்ணாடிச் சட்டங்களை அறையில் ஆங்காங்கே போட்டு வைத்தார்கள். அவன் ஒன்றை எடுத்தால், பிடித்திருந்தால், முகத்தருகே கொண்டுபோனால், படிக்குப் படி ஒரு பொம்மைக் கிளிக் சத்தம், உடனே ஒரு துண்டு மிட்டாய் அல்லது பழம். மருத்துவமனை உதவியாளர் ஒருவர் தினமும் இதைச் செய்தார். வாரங்கள் போயும் பெரிய முன்னேற்றம் இல்லை. பையன் பிடிவாதக்காரன் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. அவர்கள் தங்கள் செய்முறையை மாற்றினார்கள். கண்ணாடி நழுவாமல் தலையில் நிற்கும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். மிட்டாய்க்குப் பதில் காலை உணவையே வெகுமதியாக வைத்தார்கள், ஐஸ்கிரீமும் வந்தது. வீடு திரும்பும் நேரத்தில் டிக்கி ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் கண்ணாடி போட்டிருந்தான்.

காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையிடம் வேலை வாங்குவதை இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் லேசில் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. கண் போய்விடும் என்ற அவசரம் அன்று அதற்கு ஒரு நியாயமாக இருந்தது. நான் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் வேறு. தவறு பையனிடம் இல்லை, நம் ஏற்பாட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேலையைத் திருத்துகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலின் முதல் திறமை. பாடப்புத்தகத்தில் இருக்கிற எல்லா வரையறைகளையும் ஒப்பிக்கத் தெரிந்தவருக்கும் இது வராமல் போகலாம்.

1968இல் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ தொடங்கப்பட்டபோது, உல்ஃபும் ரிஸ்லியும் டொனால்ட் பேயருடன் சேர்ந்து இந்தத் துறைக்கு ஏழு இலக்கணங்களை வகுத்தார்கள். ஏழையும் இங்கிருக்கும் சிறப்புக் கல்வி, உளவியல் துறை மாணவர்கள் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். எனக்கு இன்று வேண்டியவை இரண்டுதான். செய்முறையை, வேறொருவர் படித்துவிட்டு அப்படியே செய்யும் அளவுக்கு விவரமாக எழுத வேண்டும் என்பது ஒன்று. கற்றது அந்த அறையோடு நின்றுவிடாமல் வேறு இடத்திலும், வேறு ஆட்களிடமும், நாள் கடந்தும் நிலைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

அடுத்த நான்கே ஆண்டில் முதல் இலக்கணம் காற்றில் பறந்தால் என்ன நடக்கும் என்பது ஃபுளோரிடாவில் வெளிச்சத்துக்கு வந்தது. 1972இல் மயாமியின் சன்லேண்ட் பயிற்சி மையத்தில் நடந்தவை பற்றி விசாரணை வந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த அரசு நிறுவனம் அது. ஒரு பிரிவில் உளவியலர் ஒருவர் டோக்கன் திட்டம் நடத்திவந்தார். ஒழுங்காக இருந்தால் டோக்கன், டோக்கன் சேர்ந்தால் சலுகை. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விசாரணைக் குழுவின் முன் வந்த உண்மை வேறாக இருந்தது. மரத்துடுப்பால் அடித்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை பேசினால் வாயைச் சோப்பால் கழுவியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் தனியறையில் பூட்டியிருக்கிறார்கள். பலர் பார்க்க அவமானப்படுத்தியிருக்கிறார்கள். அதில் சிலவற்றை இந்த மேடையில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

செய்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அங்கிருந்த ஊழியர்கள் பெரும்பாலும் அரைகுறைப் பயிற்சியோடு வேலைக்கு வந்தவர்கள். அந்தந்த நேரத்துக்குத் தோன்றிய தண்டனையை அவர்களே வகுத்துக்கொள்ள விடப்பட்டார்கள். மேலே இருந்து ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு ஒழுங்காக இல்லை. ஒருவனை அடித்ததும் அவன் அமைதியானான். அந்த அமைதி அடித்தவருக்குக் கிடைத்த பரிசு. அடுத்த முறை கை இன்னும் வேகமாக எழும். நடத்தையியல் குழந்தைகளுக்குச் சொல்கிற விதி ஊழியருக்கும் பொருந்தும் என்பதை அந்தத் துறை தன் வீட்டிலேயே, மிக மோசமான விதத்தில் பார்த்தது.

இதற்குப் பிறகு ஃபுளோரிடாவில் எந்தச் செய்முறைக்கு யார் அனுமதி தர வேண்டும், யார் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று வழிகாட்டு விதிகள் எழுதினார்கள். எழுதியவர்களில் டாட் ரிஸ்லியும் ஒருவர். அதே காலகட்டத்தில், 1975இல், அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே ஆட்களுக்குச் சான்றளிக்காதீர்கள், செய்முறைகளுக்குச் சான்றளியுங்கள் என்ற பொருள்படும். அதன் வேகம் எனக்குப் பிடிக்கும். சான்றிதழ் சுவரில் தொங்கும். அறைக்குள் இன்று மூன்று மணிக்கு நடப்பது அதற்குத் தெரியாது.

தொழில் அவர் காட்டிய வழியில் போகவில்லை. ஃபுளோரிடா மாநிலம் 1980களில் ஆட்களுக்குத் தேர்வு நடத்தியது. அந்த மாநிலத் திட்டத்தில் இருந்த ஜெரால்ட் ஷுக் 1998இல் நாடு தழுவிய ஒரு சான்றளிப்பு வாரியத்தைத் தொடங்கினார். இன்று ‘பிசிபிஏ’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவர்கள் அந்த வாரியத்தின் தேர்வை எழுதியவர்கள். முதுகலைப் பட்டம் வேண்டும், 2000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். மேற்பார்வை அடர்த்தியாக இருந்தால் 1500 மணி நேரம் போதும். களப்பயிற்சியில் குறைந்தது 60 சதவீதம், குழந்தையோடு நேரடியாக உட்காரும் வேலை தவிர்த்த மற்ற வேலைகளாக இருக்க வேண்டும்: மதிப்பீடு செய்வது, வரைபடத்தைப் படிப்பது, திட்டம் எழுதுவது, பிறருக்குப் பயிற்சி தருவது. இது புத்திசாலித்தனமான விதி. குழந்தையோடு நன்றாக உட்காரத் தெரிந்தவர், அப்படி உட்காரும் இன்னொருவரைத் திருத்தத் தெரிந்தவராக இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இவர்களுக்குக் கீழே ‘ஆர்பிடி’ எனப்படும் நடத்தைப் பணியாளர்கள். 2014இல் உருவான பதவி இது. 18 வயது, பள்ளிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு செயல்திறன் மதிப்பீடு, ஒரு தேர்வு. 40 மணி நேரத்தை ஐந்து நாளுக்குக் குறையாமல், 180 நாளுக்கு மேல் போகாமல் முடிக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் மாதத்தில் அவர் குழந்தைகளோடு செலவிடும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை. மாதம் 80 மணி நேரம் வேலை பார்க்கிறவர் என்றால் நான்கு மணி நேரம். அந்த நான்கில் ஒரு பகுதி மேசையில் உட்கார்ந்து பேசுவதாகவும் இருக்கலாம். மிச்ச 76 மணி நேரம் அவரும் குழந்தையும்தான்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்றால், தேவை ஒரே பாய்ச்சலில் ஏறியது. 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஈவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் சேர்ந்து படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்று இருந்தது. அந்த ஆய்வின் முறை குறித்து இன்றும் சண்டை ஓயவில்லை. அதட்டலும் தொடையில் அடியும் அதன் செய்முறையில் இருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பெற்றோர் காதில் விழுந்தது ‘19இல் 9’ மட்டும். 2001இல் இண்டியானா மாநிலம் மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசச் சிகிச்சையைச் சேர்க்கச் சட்டம் போட்டது. 2019க்குள் 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அதைச் செய்துவிட்டன. காப்பீட்டு நிறுவனம் 15 நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. பணம் வந்த இடத்துக்கு முதலீட்டு நிறுவனங்களும் வந்தன. பணியாளர்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள், பிசிபிஏக்கள் 70 ஆயிரத்தை. இப்படி வேகமாக வளர்ந்த தொழிலில், மேற்பார்வை செய்கிறவரே இரண்டு மூன்று ஆண்டு முன்புதான் தேர்வு எழுதியவராக இருப்பார். யாரையும் குறை சொல்லவில்லை. கூட்டல் கணக்கு அப்படித்தான் வரும்.

நம் ஊர் ஓட்டுநர் பயிற்சி வண்டியில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தவறு செய்யும் அந்த நொடியில் அது வேலை செய்யும். மாதக் கடைசியில் எழுதித் தரும் மதிப்பீட்டுப் படிவத்துக்கு அந்தப் பிரேக்கின் வேலை தெரியாது. என் கருத்தில் இந்தத் தொழிலின் பயிற்சி என்பது கண்ணெதிரே செய்வதும் கண்ணெதிரே திருத்தப்படுவதும்தான். மற்றதெல்லாம் அதற்கான முன்னேற்பாடு.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. ஊழியர் பயிற்சி பற்றி இந்தத் துறையிலேயே பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் இருக்கின்றன. விளக்கிச் சொல்வதால் மட்டும், கையேடு கொடுப்பதால் மட்டும், வீடியோ காட்டுவதால் மட்டும் கை பழகுவதில்லை என்று அவை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நான்கு படிகள் சேர வேண்டும்: சொல்வது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, அங்கேயே திருத்துவது. சரியாகச் செய்யும்வரை மூன்றாவதையும் நான்காவதையும் திருப்பித் திருப்பி நடத்த வேண்டும். இது தெரிந்தும் பல நிறுவனங்கள் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகின்றன. காரணம் வெளிப்படை. சொல்வதற்கும் காட்டுவதற்கும் ஒரே ஆள் ஐம்பது பேருக்குப் போதும். செய்ய வைத்துத் திருத்துவதற்கு ஒருவருக்கு ஒருவர் வேண்டும். அந்த நேரத்துக்குப் பணம் தர ஆள் கிடைப்பதில்லை.

செய்ய வைத்துப் பார்க்கும்போது என்ன தெரியும் என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பேச்சு வராத ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கேட்கக் கற்றுத்தர வேண்டும். ஒரு பட அட்டையை எடுத்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான். திட்டத்தில் ஆறு வரி. மாணவி ஒருத்தி அதை நன்றாகப் படித்துவிட்டு உட்காருகிறாள். குழந்தை தண்ணீர் பாட்டிலைப் பார்க்கிறது. உடனே அதன் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்துவிடுகிறாள். தானாக எடுக்க அது நினைத்த அந்த மூன்று நொடி போய்விட்டது. அடுத்த தடவை உதவி தாமதமாகிறது. குழந்தை சிணுங்கத் தொடங்குகிறது. சிணுங்கிய பிறகு தண்ணீர் கிடைக்கிறது. கேட்பதற்குப் பதில் சிணுங்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக நடக்கிறது, ஆனால் அவள் ‘சூப்பர்!’ என்று கைதட்டிக் கத்துகிறாள். சத்தம் பிடிக்காத குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது. பிறகு குனிந்து தாளில் குறிக்கிறாள். குறிக்கும்போது குழந்தை மறுபடி அட்டையைத் தொட்டதை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்த நான்கையும் கால் மணி நேரத்தில் சரிசெய்யலாம். யாரும் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ‘குழந்தையிடம் முன்னேற்றம் இல்லை’ என்று அறிக்கை வரும்.

அந்தத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணிக் குறிப்பது இந்தத் தொழிலின் பெருமை, தகுந்த பெருமைதான். ஆனால் ஒருவரே எண்ணிக்கொண்டிருந்தால் அளவுகோல் மெல்ல நகரும். முதல் வாரம் ‘அடித்தது’ என்று குறித்ததை ஆறாம் வாரம் ‘தட்டியது’ என்று விட்டுவிடுவார். அதனால் இரண்டாவது ஆள் தனியாக உட்கார்ந்து அதே நேரத்தில் எண்ணி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். 80 சதவீதத்துக்குக் குறைந்தால் வரையறையைத் திருத்த வேண்டும் என்பது நடைமுறை. இதற்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆகவே முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

இனி நான் நீண்ட நேரம் நிற்க விரும்பும் இடம். நம் மையங்களில் அதிகம் கேட்கும் அறிவுரை: ‘கண்டுக்காதீங்க, தானா அடங்கிடும்.’ குழந்தை தலையை மேசையில் மோதுகிறது; அம்மா பதறுகிறார்; தெரபிஸ்ட் சொல்கிறார், கண்டுகொள்ளாதீர்கள் என்று. சில குழந்தைகள் விஷயத்தில் இது சரி. சில குழந்தைகள் விஷயத்தில் இது தீங்கு. எது எந்தக் குழந்தை என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி 1982இல் வந்தது. பிரையன் இவாட்டாவும் அவருடைய சகாக்களும் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கென்னடி நிறுவனத்தில், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரையும் குறுகிய நேரத்துக்கு வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில், காயப்படுத்திக்கொண்டால் பெரியவர் வந்து அக்கறையோடு கண்டிப்பார். இன்னொன்றில் கடினமான வேலை கொடுப்பார்கள், காயப்படுத்திக்கொண்டால் வேலையை நிறுத்துவார்கள். இன்னொன்றில் ஆள் தனியாக இருப்பார். நான்காவது, எல்லாம் கிடைக்கும் விளையாட்டு நேரம். மருத்துவர் பார்வையில், நிறுத்த வேண்டிய எல்லையை முன்பே வகுத்துக்கொண்டு நடந்த சோதனை இது. வெளியே ஒரே மாதிரித் தெரிந்த செயலுக்கு ஆளுக்கு ஆள் வேறு காரணம் இருந்தது. ஒருவருக்குக் கவனம் வேண்டும். ஒருவர் வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு அந்த உணர்ச்சியே போதும், யாரும் வேண்டியதில்லை.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புங்கள். அவர் மகன் வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்கத் தலையை மோதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்றதும் அவர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போகிறார். அவன் கேட்டது அதைத்தான். மறுநாள் இன்னும் பலமாக மோதுவான். ‘டைம் அவுட்’ என்று மூலையில் உட்கார வைத்தாலும் இதே கதை. அவனுக்குத் தேவை ‘போதும்’ என்று சொல்லவோ அதற்கான அட்டையை நீட்டவோ கற்றுத்தருவது; நீட்டினால் உண்மையிலேயே இடைவெளி கிடைக்க வேண்டும். எட்வர்ட் கார், மார்க் டுரண்ட் இருவரும் 1985இல் இதைக் காட்டினார்கள்: அதே பலனைக் கேட்டு வாங்கும் வழி தெரிந்துவிட்டால் அந்தச் செயல் குறைகிறது. இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. காது வலிக்கிறதா, பல் சொத்தையா, மலச்சிக்கலா? பேச முடியாத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? பல் டாக்டரிடம் போக வேண்டிய குழந்தைக்கு நடத்தைத் திட்டம் எழுதும் பயிற்சியாளர் எவ்வளவு தேர்வு எழுதியிருந்தாலும் பயிற்சி பெறாதவர்தான்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். குடும்பத்தோடு பேசுவது ஒரு தொழில்திறன் என்று இந்தத் துறைக்குத் தோன்ற ரொம்ப நாளாயிற்று. பிரிட்ஜெட் டெய்லர், லிண்டா லெப்ளாங் முதலானோர் சென்ற சில ஆண்டுகளில்தான் இதை எழுத்தில் கொண்டுவந்தார்கள். பிசிபிஏக்களிடம் கேட்டபோது, பெற்றோருடன் உறவை வளர்ப்பது பற்றி வகுப்பிலோ களத்திலோ நேரடியாகச் சொல்லித்தரப்படவில்லை என்று பலர் பதில் தந்தார்கள். வியப்பில்லை. கவனித்துக் கேட்பதையும், புரிந்ததைத் திருப்பிச் சொல்வதையும், மன்னிப்புக் கேட்பதையும் தேர்வு வினாவாக்குவது கடினம். ஆனால் முன்னே சொன்ன அந்த நான்கு படிகளால் இவற்றையும் பழக்கலாம். ஒருவர் அம்மாவாக நடிக்கட்டும், ஒருவர் தெரபிஸ்டாக.

நான் பயிற்சி வகுப்புகளில் ஒரு பாட்டியை வைத்து இதைச் செய்வதுண்டு. மாணவி சொல்வாள்: ‘பாட்டி, அவன் கேட்காம நீங்களே ஊட்டிவிடக் கூடாது.’ பாட்டியாக நடிப்பவர்: ‘ஏம்மா, பிள்ளை பசியோட உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துக்கிட்டு நான் சும்மா இருக்கணுமா?’ முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் விதியை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். நல்ல பதில் ஒன்று ஒருமுறை வந்தது: ‘வேண்டாம் பாட்டி. முதல் நாலு வாய் நீங்க ஊட்டுங்க. அஞ்சாவது வாய்க்கு மட்டும் அவன் கையை நீட்டறானான்னு பார்ப்போம்.’ அதைச் சொன்ன மாணவிக்கு அந்த உத்திக்குரிய கோட்பாட்டுப் பெயர் தெரியாது. தெரிய வைப்பது சுலபம்.

மறுப்பைப் பற்றியும் பேச வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், சிறுவயதில் தங்களுக்கு நடந்த பயிற்சியைக் கசப்போடு நினைவுகூர்கிறார்கள். கண்ணைப் பார்க்க வற்புறுத்தினார்கள், கையை அசைத்தால் பிடித்து அமுக்கினார்கள், ‘வேண்டாம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை என்கிறார்கள். கனடாவின் மிஷேல் டாசன் 2004இலேயே இதைத் துறையின் நெறிமுறைக் கேள்வியாக விரிவாக எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ளவர். துறைக்குள்ளேயே உல்ஃப் 1978இல், இலக்கு, வழிமுறை, விளைவு மூன்றையும் சம்பந்தப்பட்டவர்கள் ஏற்கிறார்களா என்று கேட்கச் சொல்லியிருந்தார். சம்பந்தப்பட்டவர்கள் என்றால் பெற்றோர், ஆசிரியர் என்று மட்டும் பொருள்கொண்டு விட்டோம். குழந்தையைச் சேர்க்க மறந்தோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தோலில் மின்னதிர்ச்சி கொடுத்துவந்தது பல ஆண்டு வழக்காக நடந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் அந்தக் கருவியைத் தடை செய்தது. மறு ஆண்டே நீதிமன்றம் தடையை நீக்கியது. துறையின் சர்வதேசச் சங்கத்தின் உறுப்பினர்கள் மின்னதிர்ச்சியை எதிர்த்து வாக்களித்தது 2022இல். இவ்வளவு தாமதத்துக்கு என்ன விளக்கம் சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே இன்றைய பயிற்சியில் ஒப்புதலைப் படிக்கும் திறனும் சேர வேண்டும். பேச்சு வராத குழந்தையும் மறுக்கிறது: நாற்காலியைத் தள்ளுகிறது, உடம்பை விறைக்கிறது, கதவைப் பார்க்கிறது. அந்த அடையாளங்களை ஒவ்வொரு குழந்தைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்து, அவை தெரிந்தால் நிறுத்துவது என்று திட்டத்திலேயே சேர்க்கலாம். பல் துலக்குவது, ஊசி போடுவது போல மறுத்தாலும் செய்தாக வேண்டியவை இருக்கின்றன. எவை அவை என்று தனியாக எழுதி, அந்தப் பட்டியலைச் சிறியதாக வைத்திருக்க வேண்டும். கண்ணைப் பார்ப்பது அந்தப் பட்டியலில் வராது.

சென்னைக்கு வருகிறேன். 2023 முதல் அந்த அமெரிக்க வாரியம் வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பெரிதும் நிறுத்திவிட்டது. இந்தியாவில் வசிப்பவர் புதிதாக பிசிபிஏ ஆக முடியாது. வேறு சர்வதேசச் சான்றிதழ்கள் வந்திருக்கின்றன, பலர் அவற்றுக்குப் படிக்கிறார்கள். நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வுக் கழகம் சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பிரிவுகளில் நடத்தைப் பகுப்பாய்வாளர் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது, ஆனால் ‘ஏபிஏ தெரபிஸ்ட்’ என்று பலகை மாட்டுகிறவரிடம் நடைமுறையில் யாரும் அனுமதி கேட்பதில்லை. வார இறுதி வகுப்பு முடித்தவரும் மாட்டலாம், பத்தாண்டு படித்தவரும் மாட்டலாம்.

ஆக, அந்த அமெரிக்க வாரியத்தின் வழியே ஆட்களுக்குச் சான்றளிக்கும் பாதை நமக்கு இப்போதைக்கு அடைபட்டிருக்கிறது. ரிஸ்லியின் பழைய தலைப்பு இங்கேதான் உயிர்பெறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மையம் தன் செய்முறைகளை எழுதி வைக்கலாம். தண்டனை, கட்டுப்படுத்திப் பிடித்தல், உணவை நிறுத்தி வைத்தல் ஆகியவை கிடையாது என்று எழுத்தில் தரலாம். பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து உட்காரலாம் என்று சொல்லலாம். இதற்கு வெளிநாட்டுச் சான்றிதழ் வேண்டியதில்லை.

மொழியையும் அந்தச் செய்முறையில் எழுத வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தைக்கு மையத்தில் ‘வாட்டர்’, ‘கிவ் மீ’, ‘கம் ஹியர்’ என்று பழக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அட்டைகளும் பாடங்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, காரணம் அவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் அந்தக் குழந்தை ‘வாட்டர்’ என்கிறது. அடுப்படியில் நிற்கும் பாட்டிக்குப் புரியவில்லை. கற்றது வேறு இடத்திலும் நிலைக்க வேண்டும் என்ற 1968இன் இலக்கணம் அந்த அடுப்படியில் தோற்றுப்போகிறது. இரண்டு மொழி ஆகாது, ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லியனுப்பும் பழக்கம் அதைவிடத் தவறு. இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்கும் என்பதற்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அவரைப் பேச வைத்தால் அவர் பேசுவதே குறைந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சம்பளத்தைக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கூடவே, முதல் மாதத்தில் என் அறைக்குள் யார் வந்து உட்காருவார், எத்தனை மணி நேரம், அந்த நேரத்துக்கு அவருக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். ‘எல்லா அறையிலும் கேமரா இருக்கிறது’ என்று பதில் வரும். அந்தப் பதிவை யார், எப்போது போட்டுப் பார்க்கிறார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். போன மாதம் யாருக்காவது எழுதிக்கொடுத்த திருத்தக் குறிப்பு ஒன்றைக் குழந்தையின் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். காட்டுகிற இடத்தில், சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும், முதல் இரண்டு ஆண்டு வேலை பாருங்கள்.